காலமும் படைப்பே

"உலகைப் படைக்குமுன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?" மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் இவ்வாறு கேட்கும்போது நாம் தடுமாறுகிறோம், சிலர் அதட்டி அடக்கியும் விடுகிறோம். ஆயினும் இக்கேள்வி புதியதன்று. ஹிப்போ நகர் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் 11ஆம் பகுதியில் இதனை ஆராய்ந்தார். கேட்பவரை ஏளனம் செய்து வாயடைக்க அவர் விரும்பவில்லை. காலமும் இறைவனின் படைப்பே. படைப்பின்றிக் காலம் இல்லை. ஆதலால் அங்கே 'முன்' என்னும் சொல்லுக்கே இடமில்லை என்பது அவர் கண்ட விடை.

நம் மனம் இதனை எளிதில் ஏற்பதில்லை. காலத்தை, எதனையும் சாராமல் எங்கும் ஒரே சீராய் ஓடும் ஆறு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். 1687இல் நியூட்டனும் அவ்வாறே வகுத்தார். 1905இல் ஐன்ஸ்டீன் அதனை மறுத்தார். விரைந்து செல்லும் பொருளின் கடிகாரம், நின்று நோக்கும் நமக்கு மெதுவாக ஓடுவதாகவே தெரியும் என்றார்.

இதற்கு மியூவான் என்னும் நுண்துகள் சான்று பகர்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், இத்துகள்களைத் தோற்றுவிக்கின்றன. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் 2.2 கூறே இதன் சராசரி ஆயுள். அதற்குள் ஒளிகூட ஏறத்தாழ 660 மீட்டர்தான் செல்லும். எனினும் எண்ணற்ற மியூவான்கள் தரையை வந்தடைகின்றன! நம் கணக்கில் அவற்றின் ஆயுள் நீள்கிறது. அவற்றின் நிலையிலிருந்து நோக்கினாலோ, ஆயுள் நீளவில்லை, கடக்கவேண்டிய தொலைவே சுருங்குகிறது. 1977இல் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தார் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் மியூவான்களை வளையத்தில் சுழலவிட்டு அளந்தபோது, ஆயுள் ஏறத்தாழ 29 மடங்கு நீண்டிருக்கக் கண்டனர்.

ஆகவே, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கடிகாரம் உலகில் இல்லை. காலமும் இடமும் உலகை வெளியே நின்று தாங்கும் பாத்திரம் அல்ல. உலகின் இயல்போடு பின்னிக் கிடப்பவை.

இதனால் அகுஸ்தீனாரின் கூற்றை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று முழங்கலாமோ? கூடாது. பெல்ஜியம் நாட்டுக் குருவும் இயற்பியல் அறிஞருமான ஜார்ஜ் லெமைத்தர், உலகின் தொடக்கத்தில் இடம், காலம் என்னும் கருத்துகளே பொருளற்றுப்போகக்கூடும் என 1931இல் எழுதினார். ஆயினும் தம் அறிவியல் கொள்கையை விசுவாசத்துக்குச் சான்றாக்க அவர் உடன்படவில்லை. துகளின் ஆயுளை அளக்கலாம். படைத்தவரை அளக்க இயலாது. நம் மனத்தடை ஒன்றை அறிவியல் அகற்றியிருக்கிறது, அவ்வளவே.

எனவே அச்சிறுவரை இனி அதட்டவேண்டாம். நித்தியம் என்பது மிக நீண்ட காலம் அன்று என்று எடுத்துரைப்போம். படைத்தலும் என்றோ நடந்து முடிந்த செயலன்று. கேள்வி கேட்கும் குழந்தையையும், விடை தேடும் நம்மையும், இந்த நொடியையும் இறைவனே இருத்தி வருகிறார் அன்றோ!