வாயில்லாச் செல்வம்: குதிரை வளர்ப்போர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபசுவாமி கோயிலின் அருகே குதிரை மாளிகை என்றொரு அரண்மனை இருக்கிறது. இசைப் புலமையாற் புகழ் பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா 1840களில் கட்டுவித்தது. அதன் மேல்தளத்து இறவாரத்தைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மாளிகைக்குப் பெயர் வந்த காரணமும் அவையே. இத்தனை மழைக்காலங்களைக் கண்டும் அவை கம்பீரம் குன்றாமல் நிற்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பசியில்லை, வியர்வையில்லை, வயிற்று நோவில்லை. உயிருள்ள குதிரையின் செய்தி வேறு. ஈரமும் வெப்பமும் ஒருங்கே நிறைந்த இந்நகரில் அதனைப் பேணுதற்குத் தனி அறிவு வேண்டும்.

இன்றும் திருவனந்தபுரத்தில் குதிரைகள் உள்ளன. கண்ணேற்றுமுக்கில் காவல்துறையின் குதிரைப் பிரிவு இருக்கிறது. சவாரி கற்பிப்போரும், கடற்கரையில் சிறுவர்களை ஏற்றிச் சென்று பிழைப்போரும், விருப்பத்தால் ஒன்றிரண்டு வளர்ப்போரும் நாட்டின் பல நகரங்களில் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ் மக்களுள் அத்தொழிலை மேற்கொண்டோர்க்கும், மேற்கொள்ள நினைப்போர்க்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே காண்போம்.

தென்னாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழமையானது, துயரம் கலந்ததும்கூட. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டும், ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிருடன் எஞ்சின என்கிறார். பேணத் தெரிந்தவர் இல்லாமையும், வேகவைத்த சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டியமையும் அதற்குக் காரணம் என்பது அவர் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் அறியாமையால் குதிரை மடிகிறது என்ற உண்மை இன்றும் மாறவில்லை.

முதலில் குதிரையின் வயிற்றை அறிந்துகொள்வோம். மாட்டைப் போல் அது அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை மிகச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்வரை மட்டுமே கொள்ளும். உண்ட புல்லின் பெரும்பகுதி பின்னுள்ள பெருங்குடலிற்றான் நுண்ணுயிர்களால் பக்குவப்படுகிறது. மேலும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்ற கெட்ட உணவு வந்த வழியே திரும்பாது. ஆகவே, சிறிது சிறிதாகப் பல வேளை உண்பதே அதன் இயற்கை. ஒரே வேளையில் தானியத்தை நிரப்பிக் கொடுப்பது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் வேண்டும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது ஐந்து முதல் ஏழு கிலோவாகும். பசும்புல்லாயின் அதில் நீர் மிகுதியாதலால் பன்மடங்கு கொடுத்தல் வேண்டும். கொள்ளு நம் நாட்டில் வழிவழியாக வழங்கும் தானியம். சாலைக் கடைத்தெருவில் அதனை 'முதிர' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஊறவைத்தோ வேகவைத்தோ அளவோடு கொடுக்கலாம். தவிட்டை மட்டும் நம்பி வளர்ப்பது தவறு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. வெப்பநாட்டுப் புற்கள் சிலவற்றிலோ சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவொட்டாது தடுக்கும் பொருள் உண்டு. இவ்விரண்டும் கூடினால் நாளடைவில் எலும்பு நலிந்து, முகம் வீங்கி, குதிரை நொண்டத் தொடங்கும். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொற்படி சேர்ப்பது இதற்குத் தக்க காப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கோழிக்கும் மாட்டுக்கும் விற்கும் தீவனங்கள் சிலவற்றில் மோனென்சின் என்னும் மருந்து கலந்திருக்கும். அது குதிரையின் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. சிறிதளவே கொல்லப் போதுமானது. எனவே, பக்கத்து வீட்டுத் தீவன மூட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று குதிரைக்குக் கொடுக்கலாகாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் அறவே விலக்க வேண்டும். தீவனத்தை மாற்ற வேண்டுமாயின், ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுக.

அடுத்து, வெப்பம். குதிரை மனிதனைப் போலவே வியர்த்து உடலைக் குளிர்விக்கிறது. ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும், உடலும் குளிரும். திருவனந்தபுரத்துக் காற்றிலோ ஆண்டு முழுவதும் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதேயன்றி உலர்வதில்லை. இதனால் உடலின் சூடு தணியாது ஏறும். இவ்வாறு நெடுநாள் வருந்தும் குதிரைகளுட் சில வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. வேலைக்குப் பின்னும் தோல் உலர்ந்திருப்பதும், நிழலில் நின்றபடியே மூச்சிரைப்பதும் இந்நோயின் அடையாளங்கள். வியர்க்காத குதிரையைக் கண்டு, 'களைப்பறியாத குதிரை' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது ஆபத்தின் வாயிலில் நிற்கிறது.

வடநாட்டிலிருந்து புதிதாக வந்த குதிரைக்கு இரண்டு மூன்று வாரமாவது இளைப்பாறுதலும் இலேசான நடையும் கொடுத்துப் பழக்க வேண்டும். வேற்று நிலத்திற்கு வந்து வாழும் உயிருக்கு அவ்வூர் நீரும் காற்றும் ஒத்துவரக் காலம் ஆகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்க. நாளொன்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர்வரை தண்ணீர் தேவை. வெயிற்காலத்தில் இன்னும் மிகும். நக்குவதற்கு உப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். உடல் மிகச் சூடேறிய குதிரையை நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை இடைவிடாது ஊற்றிக் காற்றுப்பட வைப்பதே முதலுதவி. சூடான உடலில் தண்ணீர் படலாகாது என்ற பழைய நம்பிக்கையை இன்றைய ஆய்வுகள் ஏற்கவில்லை.

இனிக் குளம்பைக் காண்போம். குதிரையின் உயிர் அதன் காலில் இருக்கிறதென்று சொன்னாலும் பொருந்தும். இந்நகருக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சேறும் சாணமும் கலந்த தரையில் நின்றால், குளம்பின் அடியில் முக்கோண வடிவிலுள்ள மெத்தென்ற பகுதி அழுகிக் கருநிறமாகி முடைநாற்றம் வீசும். லாயத்தின் தரை உயர்ந்து, சரிவோடு, உலர்ந்திருந்தால் இத்துன்பம் வராது. காலையும் மாலையும் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். லாடம் தேயவில்லையே என்று காலம் கடத்தக் கூடாது. லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டேயிருக்கும்.

நோயை முற்றவிடாமல் அறிய, நலமாக உள்ளபோது குதிரையின் நிலை எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16 வரை. உடல் வெப்பம் 99 முதல் 101 பாரன்ஹீட் பாகை வரை. தாடையெலும்பின் கீழ்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தெரியும். ஈறு இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும்; விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். உங்கள் குதிரையின் அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

இக்குறிப்பு மிகவும் பயன்படும் வேளை, வயிற்று நோவு கண்ட வேளை. குதிரைகளை மிகுதியாகக் கொல்லும் துன்பங்களுள் இதுவும் ஒன்று. தீனியை வெறுத்தல், முன்னங்காலால் தரையைப் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், படுத்துப் புரளுதல், சாணம் இடாமை ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே தீனியை அப்புறப்படுத்துங்கள். நாடியை எண்ணிக்கொண்டு மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கேரளத்தில் கால்நடை மருத்துவமனையை 'மிருகாசுபத்திரி' என்பார்கள். உங்கள் வட்டாரத்தில் அது எங்குள்ளது, குதிரை மருத்துவம் அறிந்தவர் யார் என்பதை முன்பே விசாரித்து வைத்தல் நலம். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலில் இறங்கினால் நோவால் சாகாத குதிரையும் மருந்தால் சாகும். மருத்துவர் சொல்லாமல் வலிநீக்கி எதுவும் கொடுக்க வேண்டாம்.

தொற்று நோய்களிலும் கவனம் வேண்டும். இசிவு நோய்க்கு மிக எளிதில் இரையாகும் விலங்கு குதிரை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள அதன் கிருமி, ஆணி குத்திய சிறு புண்வழியாகவும் புகும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் இதைத் தவிர்க்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா நோயைப் பரப்புகின்றன. இந்நோயின் கிருமியை 1880இல் பஞ்சாபில் கண்டறிந்தவர் கிரிபித் எவான்ஸ். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், தீனி தின்றும் மெலிதலும், கால் வீக்கமும் அதன் குறிகள். மூக்கிலிருந்து சீழ் வடிந்து, தோலில் கட்டிகள் தோன்றினால் கிளாண்டர்ஸாக இருக்கலாம்; அது மனிதரையும் பற்றிக் கொல்லவல்லது. அத்தகைய குதிரையைத் தனியே பிரித்து அரசு மருத்துவருக்கு அறிவிப்பது சட்டப்படியான கடமை. நாய் கடித்தால் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவரை நாடுங்கள். அக்குதிரையைச் சவாரிக்கு விடாதீர்கள். அதன் எச்சில் பட்டவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வண்டியும் சுமையும் இழுக்கும் விலங்குகளுக்கென 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், நாளில் ஒன்பது மணிக்கு மேலும், இடையே ஓய்வின்றி ஐந்து மணிக்கு மேலும் அவற்றை வேலை வாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வேலையே கூடாது. இவை சட்டத்தின் குறைந்த எல்லைகள். நல்ல உடையவர் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்.

இங்கே கூறியவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. காலையில் ஒரு நாழிகை, மாலையில் ஒரு நாழிகை, கூர்ந்து பார்க்கும் கண், உலர்ந்த தரை, தெளிந்த நீர்: இவையே வேண்டுவன. தனக்கு நேர்ந்த துன்பத்தைக் குதிரை வாய்விட்டுச் சொல்லாது. தின்னாத தீனியாலும், தூக்கி வைத்த காலாலும், உலர்ந்த தோலாலும் அது தெரிவிக்கிறது. அதனைப் படித்தறிவது உடையவரின் கடமை. நம் குடும்பத்துக்குச் சோறிடும் அவ்வுயிர் நீண்டநாள் நலமாக வாழ்வது, அதற்கு மட்டுமன்றி நமக்கும் நன்மையாகும்.