அரை வினாடியின் விலை

தை மாதம் பிறந்துவிட்டால் செட்டிநாட்டுச் சாலைகளில் பழனிக்கு நடந்து செல்வோரின் கூட்டத்தைக் காணலாம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனியை நோக்கிப் புறப்படுகின்றன. வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடப்பவர் பலர். அதே சாலையில் பேருந்துகளும் லாரிகளும் கார்களும் விரைகின்றன. நடப்பவரின் உயிர் ஓட்டுநரின் கவனத்தை நம்பியே இருக்கிறது. அந்தக் கவனம் அரை வினாடி தவறினால் என்ன நேரும்? இதற்கு விடை காணப் பள்ளியில் படித்த இயக்கச் சமன்பாடுகளே போதும்.

வாகனம் நிற்பது எப்படி?

ஓடும் வாகனம் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தொலைவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கை மிதிக்கும் வரை வாகனம் பழைய வேகத்திலேயே ஓடும். இந்த இடைவெளியை எதிர்வினை நேரம் என்பர். விழிப்புடன் ஓட்டுபவருக்கு இது ஏறத்தாழ ஒரு வினாடி எனக் கொள்வோம். பிரேக் பிடித்த பின்னும் வாகனம் ஓடும் தொலைவு இரண்டாவது பகுதி.

மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். எனவே எதிர்வினை நேரத்தில் கார் 20 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் உள்ள காரின் எதிர்முடுக்கம் வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 7 மீட்டர். ஆகவே பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவு 400 / 14, அதாவது சுமார் 29 மீட்டர். மொத்தம் 49 மீட்டர். 50 மீட்டருக்கு அப்பால் ஒருவர் சாலையைக் கடப்பதைக் கண்டால் கார் அவரைத் தொடாமல் நின்றுவிடும்.

இப்போது அதே ஓட்டுநர் அரை வினாடி தாமதமாகப் பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கும் முன்பே 30 மீட்டர் போய்விடும். எஞ்சியிருப்பது 20 மீட்டர். மோதும்போது வேகத்தின் வர்க்கம் 400 - (2 × 7 × 20) = 120. வேகம் வினாடிக்குச் சுமார் 11 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர்! 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையில் மோதும் வேகம் இதுவே.

அரை வினாடிக்கு இத்தனை கேடா என்று தோன்றலாம். பிரேக் பிடிக்கும்போது தொலைவுக்கு ஏற்பச் சீராகக் குறைவது இயக்க ஆற்றல். அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் குறைகிறது. தாமதித்தவர் இழப்பது அந்தக் கடைசி மீட்டர்களை. கைபேசியில் வந்த செய்தியைப் படிக்க இரண்டு வினாடி குனிந்தால், பிரேக்கில் கால் படும் முன்பே கார் முழு வேகத்தில் மோதிவிடும்.

பேசுவதும் ஆபத்தா?

கவனச் சிதறல் மூவகைப்படும். கண் சாலையை விட்டு விலகுவது ஒன்று. கை திசைமாற்றியை விட்டு விலகுவது மற்றொன்று. மனம் விலகுவது மூன்றாவது. காதில் கருவியை மாட்டிப் பேசினால் முதல் இரண்டும் நீங்கலாம், மூன்றாவது நீங்காது. கனடா நாட்டின் ரெடல்மேயர், டிப்ஷிராணி என்னும் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட முடிவு இதையே கூறுகிறது. தொலைபேசியில் பேசும்போது மோதல் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கையில் பிடிக்காமல் பேசினாலும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

அருகில் அமர்ந்து பேசுபவர் சாலையைப் பார்க்கிறார். எதிரே மாடு குறுக்கிட்டால் பேச்சை நிறுத்துவார். தொலைவில் இருந்து பேசுபவருக்கு அது தெரியாது.

நீங்களே செய்து பாருங்கள்

30 செ.மீ. அளவுகோல் ஒன்றை நண்பர் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். பூச்சியம் உள்ள முனை உங்கள் விரல்களுக்கு இடையே, தொடாமல் இருக்கவேண்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 10 செ.மீ.இல் பிடித்தால் 0.14 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி. பிறகு பதின்மூன்றாம் வாய்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். இரண்டையும் பத்துப் பத்து முறை செய்து சராசரி கண்டால் வேறுபாடு விளங்கும். சாலையிலோ, கண்டதை இன்னதென்று உணர்ந்து, முடிவு செய்து, காலை நகர்த்தவேண்டும். ஆகவே கூடுதல் நேரம் பிடிக்கும்.

தீர்ப்பாயத்தின் முன்

2021இல் இந்தியாவில் 4,12,432 சாலை விபத்துகள் நேர்ந்தன; 1,53,972 பேர் மாண்டனர். கைபேசியால் நேர்ந்தவை எனப் பதிவானவை 1,997. அவற்றில் இறந்தவர் 1,040 பேர். உண்மை எண்ணிக்கை இதனினும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. குடித்தவரை மூச்சுச் சோதனை காட்டிக் கொடுக்கும். சிதறிய கவனத்தைக் காட்ட அத்தகைய கருவி இல்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019இல் செய்த திருத்தத்தின்படி, ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. காயமுற்றவரும் இறந்தவரின் குடும்பத்தாரும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் தொகையைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே செலுத்துகிறது.

உயிரிழப்பில் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவரது சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்குவது அடிப்படை முறை. உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பட்டியலில் 21 முதல் 25 வயது வரை இந்த எண் 18. 46 முதல் 50 வரை 13. அடிபட்டவரும் கவனக்குறைவாக இருந்தார் என்று கண்டால், அவர் பங்குக்கேற்ப இழப்பீடு குறையும். கைபேசியில் பேசியபடி இருசக்கர வாகனம் ஓட்டி அடிபட்டவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெருக்கலும் கழித்தலும் செய்து ஒரு தொகையை வழங்கலாம். வீட்டுக்கு வராமற்போனவரை வழங்க இயலாது. ஓட்டும்போது கைபேசியின் ஒலியை அடக்கிப் பைக்குள் வைப்பது ஓட்டுபவர் கடமை. வீட்டில் இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அழைத்ததும், "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாயா?" என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். எந்தச் செய்தியும் வண்டி நிற்கும் வரை காத்திருக்கும்.