பொதுப் பிரிண்டரும் பொதுப் பொறுப்பும்

பொதுச் சொத்தின் கதி இன்னதென்று பாலாற்றின் வடகரையிலுள்ள காட்பாடி வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வெளிப்பட்ட கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. கெடுத்தவர் பலர், பொறுப்பேற்பார் இல்லை. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. பொதுவானதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். அதை நமது பள்ளிக்கூடங்களிலுள்ள ஒரு சிறு யந்திரத்திற்கும் பொருத்திப் பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டு முதல் சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வுக்கூடங்கள் ஏற்பட்டன. மாற்றுச் சான்றிதழும் எமிஸ் தளத்தினின்றே அச்சாகிறது. இவ்வளவு காரியமும் பல இடங்களில் ஒரே பிரிண்டரின் தலையில் விழுகிறது. பலர் ஏவ, ஒருவரும் பேணாத யந்திரத்தின் நிலை என்னாகும்? பரீட்சைக்கு முந்திய நாள் டோனர் தீர்ந்துவிடும். வினாத்தாள் எடுப்பாரின்றித் தட்டிலே கிடக்கும். இறுதியில் யாரோ ஓர் உபாத்தியாயர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வெளிக்கடையில் அச்சிட்டு வருவார்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்கூடமொன்றில் ஸெராக்ஸ் கம்பெனியாரின் லேஸர் பிரிண்டர் பொதுவாக வைக்கப்பட்டது. காகிதம் சிக்கி அது நின்றாலும் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது. முன்னிருந்த பிரிண்டர் சிக்கியவுடன் அனைவருக்கும் செய்தி செல்லும்படி ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் புரோகிராம் எழுதியிருந்தார். புதியதற்கோ மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த அனுபவமே, 1983-இல் அவர் குனு என்னும் சுதந்திர மென்பொருள் முயற்சியைத் தொடங்கத் தூண்டியவற்றுள் ஒன்று.

இன்று நமக்கு அத்தடையில்லை. 1999-இல் வெளிவந்த ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. எல்லோருடைய ஏவல்களையும் ஒரு கம்ப்யூட்டரின் வழியே வரிசைப்படுத்தி, யார், எப்போது, எத்தனை பக்கம் அச்சிட்டார் என்று அது குறித்து வைக்கும். டோனர் குறைவதையும் காகிதம் தீர்ந்ததையும் பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் கேட்டால் தாமே சொல்லும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

சிக்கனத்தையும் பார்ப்போம். 400 பிள்ளைகளுள்ள பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு தாள் வீதம் 200 நாள் அச்சிட்டால் 80,000 தாள். அதாவது 160 ரீம். இருபுறமும் அச்சிடும்படி அமைத்துவிட்டால் 80 ரீம் போதும். வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்திலும் எழுதிய காந்தியடிகளின் நாட்டில் இதைப் பிறர் சொல்லியா நாம் அறிய வேண்டும்?

காவலும் அவசியம். 2018-ஆம் ஆண்டின் இறுதியில், இணையத்திற்குத் திறந்துகிடந்த பல்லாயிரம் பிரிண்டர்களில் அந்நியர் விளம்பரம் அச்சடித்தனர். ஆகவே பள்ளிப் பிரிண்டரை உள் வலைக்குள்ளேயே நிறுத்த வேண்டும். கம்பெனியார் இட்ட கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வினாத்தாள் போன்றவை, அனுப்பியவர் யந்திரத்தருகே வந்து இரகசிய எண்ணை அழுத்திய பின்னரே வெளிவர வேண்டும்.

இஃது உபாத்தியாயர்களை வேவு பார்ப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பக்கங்களை எண்ணலாம், எழுதியிருப்பதைப் படிக்கலாகாது. தலைமையாசிரியரின் பக்கங்களும் அதே கணக்கில் ஏற வேண்டும். அக்கணக்கு தண்டனைக்கன்று, போதிய டோனரும் காகிதமும் கேட்டுப் பெறுவதற்கே. ‘இவ்வளவு செலவாயிற்று’ என்று தாளில் காட்டும் பள்ளிக்கு அதிகாரிகள் இல்லையென்று சொல்வது எளிதன்று.

காட்பாடி வட்டாரத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே ஒருவரை இதற்குப் பொறுப்பாக்கி, மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்வார்களாக. சர்க்காரும் அக்கணக்கின்படி பணம் அளிக்கக் கடமைப்பட்டவர்கள். பிள்ளைகளின் வினாத்தாளுக்கு உபாத்தியாயரின் சம்பளத்தில் கைவைக்கும் வழக்கம் இனியும் நீடிக்கலாகாது.