35 வயதானால் ஒருமுறை போய் வாருங்கள்

மூதூரிலோ குச்சவெளியிலோ 35 வயதுப் பெண் ஒருத்திக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை. அவள் ஏன் கிளினிக்குக்குப் போகவேண்டும்? நோவு தெரியுமுன் நோயைப் பிடிக்கத்தான் 1996இல் இலங்கையில் வெல் வுமன் கிளினிக் தொடங்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது, கட்டணம் இல்லை. இரத்த அழுத்தம், சீனி பார்ப்பார்கள். மார்பில் கட்டி உண்டா என்றும் பார்ப்பார்கள். பிறகு பாப் பரிசோதனை.

பலரும் பயப்படுவது இந்தப் பாப் பரிசோதனைக்குத்தான். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களைத் தடவியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெட்டோ தையலோ கிடையாது. மாதவிடாய் நாட்களில் மட்டும் போகவேண்டாம். இந்தப் பரிசோதனை எதற்கு? எச்.பி.வி. வைரசு உடலில் நீண்டகாலம் தங்கினால் அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல மாறும். புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 10 வருடத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இந்த வைரசுக்கெதிரான தடுப்பூசி போடுகிறார்கள். அவர்களுடைய தாய்மாருக்கு அந்த வயதில் ஊசி இருக்கவில்லை. அவர்களுக்குப் பரிசோதனைதான் வழி.

ஆனாலும் பலர் போவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் கேள்வி வரும். இதை வைத்தியரால் தீர்க்க முடியாது. பெண்கள் நிலையங்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைப் பாருங்கள். கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இல் கொழும்பில் தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த, இலாபநோக்கற்ற அமைப்பு. சட்ட உதவி செய்கிறது, நாடகம் போட்டு ஊரோடு பேசுகிறது. இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். வீட்டில் அடி வாங்குகிறவள் தன் மார்புக் கட்டியை யாரிடம் சொல்வாள்? டாக்டர் மேரி இரத்தினத்துக்கு இந்தத் தொடர்பு 1930களிலேயே விளங்கியிருந்தது. 1930இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிலா சமிதியைத் தொடங்கியவரே 1937இல் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கையும் திறந்தார்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நடக்கும் நாளைக் கேளுங்கள். தனியே போகக் கூச்சமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சொல்லி நாலு பேராகப் போங்கள். வீட்டில் வன்முறை என்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.