கிருமிகள் கைமாற்றிக்கொள்ளும் வளையம்



ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் காய்ச்சல் வந்தால் லீவு போடத் தயங்குகிறார்கள். வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மிச்சத்தை எடுத்து வைத்து வீட்டில் இன்னொருவருக்கும் கொடுக்கிறோம். இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் உயிரோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

பாக்டீரியாவுக்குள் அதன் முக்கிய மரபுப் பொருளைத் தவிர, 'பிளாஸ்மிட்' என்ற சிறிய டி.என்.ஏ. வளையமும் இருக்கலாம். மருந்தை முறியடிக்கும் மரபணுக்கள் பல அதில் ஒன்றாகவே இருப்பதுண்டு. இரண்டு பாக்டீரியாக்கள் நெருங்கும்போது, ஒன்று மெல்லிய இழையை நீட்டி மற்றதைப் பிடித்து, வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். கொடுத்ததும் இழப்பதில்லை, இரண்டிடமும் வளையம் இருக்கும். வாங்குவது வேறு இனமாகவும் இருக்கலாம். குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலையிடமிருந்து, நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லாவுக்கு அது போய்விடும்.

நம் சென்னையே இதற்குச் சாட்சி. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனின் டிமோதி வால்ஷ் உள்ளிட்டோர் 'லான்செட்' குழும இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். என்.டி.எம்.-1 என்ற மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன. தீவிர சிகிச்சையில் போடும் மெரோபெனெம் போன்ற ஊசி மருந்துகளையே இந்த மரபணு செயலிழக்க வைக்கிறது.

ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமிகள் ஒரே வம்சம். அங்கே பரவியது கிருமி. சென்னையில் கிடைத்தவையோ வெவ்வேறு வம்சங்கள். ஆனாலும் எல்லாவற்றிலும் அதே மரபணு. பெரும்பாலும் அது பிளாஸ்மிட்டில் இருந்தது, எளிதாகக் கைமாறவும் செய்தது. ஒரு கிருமியை ஒழித்தாலும் வளையம் வேறொன்றில் பிழைத்திருக்கும் என்பதே இதன் பொருள்.

ஆன்டிபயாடிக் இந்த வளையத்தை உண்டாக்குவதில்லை. வளையம் இல்லாத கிருமிகளைக் கொன்று, இருப்பவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. அவை நம் குடலில் நோய் காட்டாமலே பெருகும். ஆஸ்பத்திரியில் கைகள் வழியாகவும், சிறுநீர்க் குழாய், செயற்கை சுவாசக் குழாய் வழியாகவும் பலவீனமானவரை அடையும்.

2012-இல் டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில் மருத்துவர் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. வீரியமிக்க பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடை வாசல் வரை வரும். வீட்டு அலமாரியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

• சளி, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

• எழுதிக் கொடுத்த அளவை, சொன்ன நாட்களுக்குச் சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

• நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நம் கடமை. கூட்டமாகப் போகாமல், அவரைத் தொடும் முன்பும் வெளியே வந்த பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

இன்று நம் வீட்டில் வீணாகாமல் காக்கும் மருந்து, நாளை நம் பெற்றோருக்கே தேவைப்படலாம்.