நூறு கிராம்!

சாயங்காலம் ஆறு மணி. திருநெல்வேலி டவுன், நெல்லையப்பர் கோயில் எதிரே. ஆபீஸ் விட்டு வந்த கூட்டம் டூவீலரை ஓரங்கட்டிவிட்டு அல்வாவுக்கு நிற்கிறது.

"அண்ணாச்சி, ஒரு நூறு குடுங்க!"

இலைத் துண்டில் சூடாக வந்து விழும். நாலு வாய், காலி. 'இன்னொரு நூறு?' என்று வயிறு கேட்கும்.

அந்த நூறு கிராம்தான் சார், வினேஷ் போகத்துக்கு அல்வா கொடுத்துவிட்டது!

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம், 50 கிலோ பிரிவு. ஹரியானாக்காரரான வினேஷுக்கு முதல் ரவுண்டிலேயே வந்து வாய்த்தவர் ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். வெளிநாட்டுக்காரி எவரிடமும் அதுவரை தோற்றதே கிடையாது. 'சோலி முடிஞ்சுதுடே' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மேட்ச் மொத்தமே ஆறு நிமிஷம். காலைப் பிடிக்க விடாமல் வினேஷ் போக்குக் காட்டினார். 'தாக்காமல் நிற்கிறாயே' என்று சுசாகிக்கு ரெண்டு பாயின்ட் போனது. கடைசி சில செகண்ட். ஒரே பாய்ச்சல்... சுசாகி கீழே! 2-2. ஜப்பான் அப்பீல் செய்து தோற்க, அதற்கும் ஒரு பாயின்ட் வினேஷுக்கே. 3-2!

அப்புறம் உக்ரைனின் லிவாச், 7-5. செமி ஃபைனலில் கியூபாவின் குஸ்மான், 5-0. ஒலிம்பிக் மல்யுத்த ஃபைனலுக்குப் போன முதல் இந்தியப் பெண்!

வினை ராத்திரிதான் வந்தது. வினேஷ் டோக்கியோவில் ஆடியது 53 கிலோவில். பாரிஸில் அந்த இடம் அன்டிம் பங்கலுக்குப் போய்விட்டது. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே ஆள்தான். மேலே போனால் 57. வினேஷ் கீழே, ஐம்பதுக்கு இறங்கினார். அதற்கு உடம்பைப் பிழிய வேண்டும். காலையில் எடை சரியாக இருந்தது. மூன்று மேட்ச் ஆட கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் தண்ணீர் வேண்டாமா? சாயங்காலம் பார்த்தால் 2.7 கிலோ கூடுதல்!

விடிய விடிய வேர்க்க வைத்தார்கள். தண்ணீர் கிடையாது. முடியை வெட்டினார்கள். உடுப்பைக் கூடக் கத்தரித்தார்கள். தாமிரபரணித் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்து வளர்ந்த நமக்கு அந்த ராத்திரி புரிவது கஷ்டம்.

மறுநாள் காலை, தராசு: 50 கிலோ 100 கிராம்.

அவுட். ஃபைனல் இல்லை என்பதோடு போகவில்லை. வெள்ளியும் கிடையாது, கடைசி இடம்! ரூல் அப்படி. ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான், வாஸ்தவம். ஆனால் முதல் நாள் சரியான எடையில் ஜெயித்தாரே? இன்றைக்கு லேட்டாக வந்தால் ஆபீசில் அரை நாள் லீவைக் கழிப்பார்கள், சரி. நேற்று பார்த்த வேலையையும் சேர்த்தா அழிப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், வெள்ளி வாங்கியவர் அதே குஸ்மான். சுசாகிக்கு வெண்கலம். தங்கம் அமெரிக்காவின் ஹில்டெப்ராண்டுக்கு. வெள்ளியையாவது பங்கு போட்டுக் கொடுங்கள் என்று வினேஷ் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். ஆகஸ்ட் 14-ல் தள்ளுபடி.

அதற்கு முன்பே, 'இனி மல்யுத்தம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் ஜுலானா தொகுதி எம்.எல்.ஏ. 2025-ல் ஒரு குழந்தைக்கு அம்மா. அந்த டிசம்பரிலேயே ரிட்டயர்மென்ட்டை வாபஸ் வாங்கினார். குறி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்!

இதெல்லாம் தெரிந்த பிறகு வரிசையில் நம்ம முறை வரும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது.

"அண்ணாச்சி... ஒரு அம்பது கிராம் போதும்!"