பைன் மரம்: புல்வெளியில் முளைக்கும் களை

எரியோடு, வேடசந்தூர் வட்டாரத்தில் களை மரம் எது என்று கேட்டால் சீமைக் கருவேல் என்று சிறு பிள்ளையும் சொல்லும். நமது மாவட்டத்தின் மலையுச்சியில் இன்னொரு மரமும் களையாகி வருகிறது. கொடைக்கானல் செல்வோர் நின்று படம் பிடித்துக்கொள்ளும் பைன் மரமே அது.

இதன் தாயகம் மெக்சிகோ. தாவரவியலில் பைனஸ் பாட்டுலா என்பார்கள். மென்மரத் தேவைக்காகப் பழனி மலையின் மேல்தளத்தில் நடப்பட்டது.

தொலைவிலிருந்து பார்த்தால் சவுக்கு போலத் தோன்றும். சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது மெல்லிய கிளையே; இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்றுவிடும். பைன் ஊசி அப்படிக் கழலாது. பெரும்பாலும் மூன்று ஊசிகள் அடியில் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும். 15 முதல் 25 செ.மீ. நீளத்தில் குதிரை வால்போலத் தொங்கும். அடிமரம் கருத்து வெடித்திருந்தாலும், மேலே பட்டை செங்காவி நிறத்தில் காகிதம்போல் உரியும். காய்கள் கொத்தாகக் கிளையோடு ஒட்டியிருக்கும். பல ஆண்டுகள் திறவாமலே இருக்கும். கடும் வெயிலிலோ தீயிலோ விரிந்தால், இறக்கை கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும்.

வரிசையாக, ஒரே வயதில் நிற்பவை நட்ட மரங்கள். புல்வெளியில் முழங்கால் உயரத்தில் ஒன்று, ஆளுயரத்தில் ஒன்று எனச் சிதறி நின்றால் அவை தாமாகப் பரவியவை. கவனிக்க வேண்டியது இவற்றையே. இளங்கன்று புல் கற்றைபோல் இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வெறும் புல்தானே என்று எண்ணலாகாது. அது குறிஞ்சி பூக்கும் இடம்; மழையை உள்வாங்கி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடும் இடம். எலிவால் அருவியாக விழும் மஞ்சளாறும் அம்மலையில் பிறந்துதான் வைகையில் சேருகிறது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கண்டனர். பைனோடு வாட்டிலும் தைல மரமும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. தென்னாப்பிரிக்காவில் இத்தகைய மரங்களை நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து அகற்ற 1995 முதல் அரசே கூலி கொடுத்து வருகிறது.

மழை பெய்து மண் இளகியிருக்கையில் இளங்கன்றுகளை வேரோடு பிடுங்கிவிடலாம். சற்று வளர்ந்ததைக் கடைசிக் கிளைக்கும் கீழே வெட்டினால் மீண்டும் தழைக்காது. இந்த வகையில் வாட்டிலைவிடப் பைன் சாது. முதிர்ந்த தோப்பை ஒரேயடியாக வெட்டுவது மட்டும் வேண்டாம். அதன் நிழலில் சோலை மரக் கன்றுகள் எழுவதுண்டு; திடீரென வெயில் பட்டால் மண்ணில் கிடக்கும் வாட்டில் விதைகள் முளைத்துவிடும். மலையில் பட்டா நிலமானாலும் மரம் வெட்ட 1955-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். காட்டு நிலத்தில் வனத்துறையைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது.

பிள்ளைகள் விளையாடக் கொண்டுவரும் பைன் காயைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. எரியோட்டு வெயிலில் இம்மரம் தேறாது. மலையில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வேலியோரம் அழகுக்கு நடக் கன்று தேடினால், அவருக்கு வேறு மரம் சொல்லுங்கள்.